டிரிஃப்ட் செய்யப்போன குட்டி டிரக் ஏன் கவிழ்கிறது?

கேள்வி: என்னிடம் ரிமோட்டில் ஓடும் டபிள்யூபிஎல் டி12 என்ற பொம்மை டிரக் இருக்கிறது. டிரிஃப்ட் செய்ய, அதாவது பின்சக்கரங்களை வழுக்கவிட்டுப் பக்கவாட்டில் ஓட்ட, மொட்டை மாடியில் வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்துவிடுகிறது. பின்சக்கரங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்த்தேன். இப்போது கவிழ்வதில்லை, ஆனால் ஒரே சுற்றாகச் சுற்றிப் பின்பக்கம் திரும்பி நின்றுவிடுகிறது. சக்தி அதிகமான மோட்டார் போட வேண்டுமா, ஸ்டீயரிங்கைத் தானே திருத்தும் கைரோ என்ற கருவி வாங்க வேண்டுமா?

பதில்: மோட்டார் வேண்டவே வேண்டாம். கைரோவுக்கும் இப்போது அவசரமில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு பிளம்பிங் சாமான் கடைக்குப் போங்கள்.

டி12 என்பது சுசுகி கேரி டிரக்கின் 1/10 அளவு உருவம். அசல் வண்டி ஜப்பானின் கெய் என்ற சிறு வண்டி வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அகலத்தைக் கூட்ட வழியில்லாததால் வண்டி ஒல்லியாகவும் நெட்டையாகவும் ஆனது, பொம்மையிலும் அதே உடல்வாகுதான். இப்படிப்பட்ட வண்டிக்கு ரப்பர் டயர் போட்டுக் கரடுமுரடான தரையில் திருப்பினால், டயர் வழுக்கும் முன்பே வண்டி சாய்ந்துவிடும். ஆகவே கவிழ்வதற்கு மருந்து பிடிமானத்தைக் குறைப்பது. அதைத்தான் நீங்களும் செய்தீர்கள், ஆனால் பாதி செய்தீர்கள்.

பின்சக்கரம் வழுக்குகிறது, முன்சக்கரமோ ரப்பரோடு தரையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பின்பாகம் வெளியே வீசப்படும்போது முன்பாகமும் சேர்ந்து கொஞ்சம் வழுக்கினால்தான் வண்டி பக்கவாட்டில் நகரும். முன்பக்கம் ஆணியடித்ததுபோல் நின்றால், அதையே அச்சாகக் கொண்டு வண்டி சுற்றத்தான் செய்யும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பொருள், ஒரே அகலம் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொருளுக்கு பிவிசி குழாய் போதும். டயரின் மேல் இறுக்கமாக ஏறி உட்காரும் குழாயைக் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் சற்று அமுங்கிக்கொடுக்கும் என்பதால் மயிரிழை சிறியதாக இருந்தாலும் நல்லதே. டயரின் அகலத்துக்கு நான்கு வளையங்களை ரம்பத்தால் அறுத்து, ஓரங்களை உப்புத்தாளில் உருட்டித் தேயுங்கள். இந்தத் தேய்ப்பைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். கூரான ஓரம் டைல்ஸ் இணைப்பில் மாட்டினால் வண்டி மறுபடி குட்டிக்கரணம்தான். தரையும் மாற வேண்டும்: சொரசொரப்பான தட்டோடு பதித்த மொட்டை மாடி சரிப்படாது, வழவழப்பான சிமெண்ட் தரையோ டைல்ஸ் பதித்த கூடமோ தேடுங்கள். கேரம் பவுடர் தூவும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். பவுடர் பல்சக்கரங்களுக்குள் போய்ச் சேரும், வீட்டில் திட்டும் விழும்.

அடுத்து பின் அச்சைப் பாருங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுழன்றால் அச்சு பூட்டிய வகை, டிரிஃப்டுக்கு அதுதான் வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி உள்ளே இருக்கிறது என்று பொருள். வளைவில் பாரம் குறைந்த உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். அந்தச் சிறு பற்களுக்கிடையில் சூடான பசையை நிரப்பிப் பூட்டிவிடலாம்.

மோட்டாருக்கு வருவோம். பிவிசி வளையம் போட்ட சக்கரத்தைச் சுழல வைக்க, வண்டியில் வரும் 260 மோட்டாரே தாராளம். வேகத்தைவிட, அந்தச் சுழற்சியை விரலால் கூட்டிக் குறைத்து நிலையாகப் பிடிப்பதுதான் இங்கே வித்தை. டிரிஃப்டுக்கு என்று வேறு மலிவான வண்டி வாங்குவதாக இருந்தால், ரிமோட்டில் வேகம் கூட்டும் விசையைப் பாதி அழுத்தும்போது பாதி வேகம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடு, நில் என்ற இரண்டே நிலை கொண்ட ரிமோட்டில் டிரிஃப்ட் வராது.

வளையம் போட்டதும் ஒரு செருப்பை நடுவில் வைத்துச் சுற்றிவரப் பழகுங்கள். வலப்பக்கம் திருப்பி விசையைச் சட்டென்று அழுத்துங்கள். பின்பாகம் வெளியே போகத் தொடங்கிய கணமே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடியுங்கள். கை தாமதித்தால் வண்டி சுற்றிவிடும். இதில் உங்கள் கையை மட்டும் குறை சொல்ல முடியாது. வண்டி சிறுத்தால் வழுக்கலும் வேகமாக நடக்கும். 1/10 அளவு வண்டியில் அதற்கு ஆகும் நேரம் 10-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.2-ஆல், வகுபட்டுக் குறையும். அசல் வண்டியில் ஒரு வினாடியில் நடப்பது இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வினாடியில் முடிந்துவிடுகிறது.

கைரோவுக்கு வேலை இங்கேதான். வண்டி திரும்பும் வேகத்தை உணர்ந்து, உங்கள் கைக்கு முன்பே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துவிடும். ஆனால் வாங்குமுன் ஸ்டீயரிங் சர்வோவின், அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியின், ஒயர்களை எண்ணுங்கள். கைரோ மூன்று ஒயர் சர்வோவோடுதான் சேரும். ஐந்து ஒயர் இருந்தால் சர்வோவை இயக்கும் மின்சுற்று தாய்ப் பலகையிலேயே இருக்கிறது. சர்வோவையும், ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரையும் மாற்றாமல் கைரோ வாங்கிப் பயனில்லை.

ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவே கைரோவை இணைத்து, மோட்டாரிலிருந்து தள்ளி, இருபக்கமும் ஒட்டும் பஞ்சு டேப்பால் சமமாக ஒட்டுங்கள். பிறகு வண்டியைக் கையில் ஏந்தி மூக்கை வலப்பக்கம் வெட்டித் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாறித் திரும்பினால் கைரோவின் திசை மாற்றும் சுவிட்சைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி முன்பைவிட மோசமாகச் சுற்றும். உணர்திறனைக் குறைவாக வைத்துத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நேராக ஓடும்போதே முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, சற்றுக் குறைத்து அங்கேயே விட்டுவிடலாம்.