கிராம சபையில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

கேள்வி: எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும், கிராம சபையில் இதைப் பற்றிப் பேச ஒருவரும் எழுந்திருப்பதில்லை. என்ன செய்யலாம்? (மகளிர் குழு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அக்கறை இல்லாமல் இல்லை. நாளைக்குப் பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடப்போவது அதே நர்சம்மாதான். ஊர் முன்னால் அவரைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் முதலில் அவரிடமே பேசுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பதுதான் கணக்கு. கர்ப்பிணிகளைப் பார்க்க, அங்கன்வாடியில் ஊசி போட என்று அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் கதவு பூட்டியிருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது, என்றைக்கு எத்தனை மணிக்கு இருப்பார் என்று வாசலில் ஒரு பலகை. பணியிடமே காலி என்றால் கதை வேறு. அந்த மனு வட்டார மருத்துவ அலுவலருக்குப் போக வேண்டும்.

அப்புறம், "உங்கள் கருத்து என்ன?" என்று யாரையும் கேட்காதீர்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும்! ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலை இடத்து மர நிழலில் போய் உட்கார்ந்து, "போன மாசம் சர்க்கரை மாத்திரை எங்கே வாங்கினீங்க? பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கே வர வேண்டியது. வராத வீடு எத்தனை என்று இந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் சபைக்கு வரப்போவதில்லை, அவர்கள் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும். பெயர் எழுதாதீர்கள், எண்ணிக்கை போதும்.

சபையில் "நிலையம் சரியில்லை" என்று தீர்மானம் போட்டுப் பயனில்லை. நாள், நேரம், எத்தனை வீடு என்று இரண்டு வரியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. அது எதற்குச் செலவானது என்றும் கேளுங்கள். உரிமையோடு கேட்கலாம், சண்டை வேண்டாம்.

பல ஊர்களில் வருகைக்குக் கையெழுத்து வாங்கியதோடு சபை கலைந்துவிடும். உங்கள் தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த சபையில், அக்டோபர் 2-ஆக இருந்தாலும் நவம்பர் 1-ஆக இருந்தாலும், போன தீர்மானம் என்ன ஆனது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.