முடிக்காத வாழ்க்கை வரலாற்றின் குறிப்புத் தாள்களை என்ன செய்வது?

வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கி, முடிப்பதற்குள் காலமாகிவிட்ட உங்கள் மாமாவின் தாள்களைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கலாமா, மிச்சத்தைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். பிரித்து வைத்துக் கெடுத்தவன் நான்.

என் பெரியப்பா வேலூரில் தமிழாசிரியராக இருந்தவர். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த எழுத்தாளர் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வரலாற்றை எழுதுவது அவருடைய நெடுநாள் ஆசை. விடுமுறை கிடைத்தால் காட்பாடியில் விடியற்கால ரயிலைப் பிடித்துச் சென்னை நூலகங்களுக்குப் போவார். இரவு திரும்பும்போது சட்டைப் பையில் பத்துப் பன்னிரண்டு துண்டுத் தாள்கள் இருக்கும். அவர் மறைந்தபோது பரணில் இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய அவைதான்.

ஒரு கோடையில் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, ‘பெண் கல்வி’, ‘நீதிமன்றம்’, ‘நாவல்’, ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று உறை போட்டுப் பிரித்தேன். துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி எறிந்தேன்.

சில மாதம் கழித்து, வெவ்வேறு உறைகளில் இருந்த இரண்டு தாள்களில் ஒரே இடத்தில் துருக்கறை இருப்பது கண்ணில் பட்டது. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். துளைகள் அப்படியே பொருந்தின. ஒன்று, 1805 முதல் 1861 வரையிலான ஆங்கிலத் தீர்ப்புகளைப் பிள்ளை ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று தமிழில் தந்ததைப் பற்றியது. மற்றது அவருடைய ‘பெண் கல்வி’ நூலைப் பற்றியது. அதன் அடியில் பென்சிலால் பெரியப்பா எழுதியிருந்தார்: “இரண்டும் ஒரே வேலைதானே?”

அந்த ஒரு வரியில் எனக்குப் பிள்ளையே புதிதாகத் தெரிந்தார். வழக்காடும் குடியானவனுக்குத் தன் தீர்ப்பே புரியாது. வீட்டுப் பெண்ணுக்குப் புத்தகம் எட்டாது. இரண்டு கதவையும் திறக்கத்தான் அவர் தமிழ் உரைநடையைக் கையில் எடுத்திருக்கிறார். 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலில், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைச் சாடுகிறார், அதே கதையில் கதாநாயகி ஞானாம்பாளை ஆண் வேடத்தில் நாடாள வைக்கிறார். பெரியப்பா எழுதவிருந்த புத்தகத்தின் கருத்தே அந்தக் குண்டூசியில் கோத்திருந்தது.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் எதையும் நகர்த்தாமல் மேலிருந்து கீழாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் இடுங்கள். ஊசியை அதற்குப் பிறகு மெல்லக் கழற்றி, சேர்ந்திருந்த தாள்களை ஒரே வெள்ளைத் தாள் மடிப்புக்குள் வையுங்கள். பஸ் டிக்கெட், கடை ரசீது இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பரணும் வேண்டாம், எங்கள் ஊர் வெயிலில் பரணில் கிடந்த தாள் அப்பளமாக நொறுங்குகிறது.

ஜோடி தெரியாத தாள்கள் என்னிடம் இன்னும் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து துளைக்குத் துளை வைத்துப் பார்க்கிறேன். போன வாரம் மூன்று தாள்கள் சேர்ந்தன.