டிராக்கில் ஓட்டும் காருக்கு மாட்டும் டேட்டா லாகர் என்றால் என்ன?

காரைக்குடிப் பக்கமிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குச் சொந்தக் காரோடு போகிறவர்கள், ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் சின்னப் பெட்டிதான் இது. அங்குள்ள 16 பின் ஓபிடி சாக்கெட் (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்க வைத்த இடம்) வழியாக இன்ஜின் சுற்று, கூலன்ட் சூடு, த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு) திறப்பு எல்லாவற்றையும் நேரத்தோடு பதியும். ஜிபிஎஸ் இருந்தால் எந்த வளைவு என்பதும் தெரியும்.

ஏன் தேவை? வளைவில் கண் ரோட்டில்தான் இருக்கும், மீட்டரைப் பார்க்க முடியாது. அப்புறம், பல கார்களில் டெம்பரேச்சர் முள் ஓரளவு சூடு ஏறினாலும் நடுவிலேயே நிற்கும் (பயமுறுத்தக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள்). லாகரில் 95 டிகிரி டிராக்கின் எந்தச் சுற்றில் 110 ஆனது என்று பார்க்கலாம்.

செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி: வரவு செலவை எழுதுவார், வியாபாரத்தில் தலையிட மாட்டார். ஆகவே இதை மாட்டினால் பிக்கப் கூடும் என்பது தவறு. அப்படிச் சொல்லி விற்கும், அதே சாக்கெட்டில் செருகும் பிளக்குகள் வேறு சரக்கு.