திருப்பினால் நீலம், திருப்பாவிட்டால் சாம்பல்: லாப்ரடோரைட் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், மதுரையில் நெடுங்காலமாகக் கல் பட்டை தீட்டி வருபவர்)

திருமங்கலம் வாசகி: லாப்ரடோரைட் பதக்கம் ஒன்று வாங்கினேன். கடையில் மயில் கழுத்துப் போல மின்னிய கல், வீட்டில் வெறும் சாம்பலாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லையம்மா. கல்லுக்குள் சாயம் எதுவும் கிடையாது. பாறைக் குழம்பு மெல்ல ஆறும்போது, ஃபெல்ட்ஸ்பார் என்னும் பாறைக் கனிமத்தில் சற்றே வேறுபட்ட இரண்டு வகைகள் பிரிந்து, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படிந்துவிடுகின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிறமாகத் தெரிகிறது. மழை நாளில் சிம்மக்கல் சாலையில் சிந்திய டீசல் வானவில் காட்டுமே, ஏறக்குறைய அதே வித்தைதான். அடுக்குகள் ஒரே திசையில் கிடப்பதால் நிறமும் ஒரு கோணத்தில்தான் எழும். கடைக்காரர் விளக்கை அதற்கேற்ப வைத்திருப்பார்; வீட்டு டியூப் லைட்டுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. அடுக்குகள் கல்லின் அடிப்பக்கத்துக்கு இணையாக அமையும்படி அறுப்பதில்தான் எங்கள் திறமை இருக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது, தட்டில் வைத்துப் பார்க்காமல் கழுத்தருகே நிமிர்த்திப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள்.

மேலூர் வாசகர்: சமையல் மேடைக்குப் போட்ட 'புளூ பேர்ல்' பலகையும் நீலமாக மின்னுகிறதே, அதுவும் இதுதானா?

பதில்: பங்காளி முறை. அது நார்வேயின் லார்விக் பகுதிப் பாறை. மின்னுவது ஃபெல்ட்ஸ்பார்தான், ஆனால் லாப்ரடோரைட் அல்ல. கிரானைட்டும் அல்ல, வியாபாரத்தில் அப்படிச் சொல்வார்கள், விடுங்கள்.

உசிலம்பட்டி வாசகி: 'ரெயின்போ மூன்ஸ்டோன்' சந்திரகாந்தக்கல்லா?

பதில்: பெயரில் மட்டும். அது வெளிறிய லாப்ரடோரைட். அசல் சந்திரகாந்தம் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார். நம் காங்கேயம் பக்கமே கிடைக்கிறது.

சோழவந்தான் வாசகர்: எந்த ராசிக்கு ஆகும்?

பதில்: நவரத்தினத்தில் இதற்கு இடமில்லை. 1770 வாக்கில் கனடாவின் லாப்ரடார் கரையில் கிறிஸ்தவ ஊழியர்கள் கண்டெடுத்த பிறகே உலகறிந்த கல் இது. ராசிப் பலன் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

மதுரை வாசகர்: தினமும் மோதிரமாகப் போடலாமா?

பதில்: எனக்கு மனமில்லை. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான். தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் 7. துடைக்கத் துடைக்கக் கீறும். போதாததற்கு, ஏறத்தாழ செங்குத்தாக இரண்டு திசைகளில் எளிதில் பிளக்கும். பிடிவாதமாக மோதிரம்தான் வேண்டுமென்றால், விளிம்பைச் சுற்றிலும் வெள்ளி மூடும்படி கட்டச் சொல்லுங்கள். பின்னாளில் வளையத்தைப் பற்றவைக்க நேர்ந்தால், கல்லைக் கழற்றிய பிறகே ஆசாரி நெருப்பை எடுக்க வேண்டும். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். வெள்ளிக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை இதனிடம் காட்டாதீர்கள்.