பிரான்டே வீட்டுப் புத்தகங்கள்: கேள்வி பதில்

யார்க்‌ஷயரின் ஹவார்த் கிராமத்தில் ஒரு பாதிரியார் வீட்டிலிருந்து வந்த புத்தகங்களைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அட்டையில் 'பிரான்டே' என்று மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்காதீர்கள், முன்பெயரையும் பாருங்கள். சார்லட், எமிலி, ஆன் என்ற சகோதரிகள் மூவரும் மூன்று விதமான எழுத்தாளர்கள்.

எந்தப் புத்தகம் யாருடையது?

சார்லட் எழுதியவை 'ஜேன் அயர்' (1847), 'ஷெர்லி' (1849), 'வில்லெட்' (1853), இறந்தபின் வெளிவந்த 'தி புரொஃபசர்' (1857). எமிலிக்கு ஒரே நாவல், 'வுதரிங் ஹைட்ஸ்' (1847). ஆன் எழுதியவை 'ஆக்னஸ் கிரே' (1847), 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) என்ற கடித வடிவ நாவல். மூவரும் சேர்ந்து 1846-இல் சொந்தக் காசில் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பிரதிகள் விற்றன.

அப்பா பாட்ரிக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகள்களுக்கு வெகுகாலம் முன்பே, 1811-இல், 'காட்டேஜ் போயம்ஸ்' என்ற கவிதை நூலை அச்சிட்டவர் அவர். வீட்டில் புத்தகம் போடும் பழக்கம் அவரிடமிருந்து தொடங்கியது.

பிரான்டே என்பது ஆங்கிலப் பெயராகத் தெரியவில்லையே?

பாட்ரிக் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1777-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே குடும்பப் பெயர் 'பிரன்டி' (Brunty) அல்லது 'ப்ரன்டி' (Prunty) என்று வழங்கியது. 1802-இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தபின் எழுத்தை மாற்றிக்கொண்டார். கிரேக்கத்தில் 'பிரான்டே' என்றால் இடி. தளபதி நெல்சனுக்கு அப்போது 'பிரான்டே பிரபு' என்ற பட்டமும் இருந்தது. ஆக, இன்று நாம் புத்தக முதுகில் படிக்கும் குடும்பப் பெயரே இளைஞர் ஒருவர் தனக்காகத் தேர்ந்துகொண்டதுதான்.

அந்தப் பெயரை விட்டுவிட்டு 'பெல்' என்று ஏன் எழுதினார்கள்?

பெண் எழுத்து என்று தெரிந்தால் விமர்சகர்கள் வேறு தராசில் நிறுப்பார்கள் என்ற பயம். கரர் (சார்லட்), எல்லிஸ் (எமிலி), ஆக்டன் (ஆன்) என்று ஆங்கில முதல் எழுத்துகளை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர்களைத் தேர்ந்தார்கள்.

ஆனால் ஒரே குடும்பப் பெயர் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மூன்று பெல்லும் ஒருவரே என்ற பேச்சு பரவியது. எமிலி, ஆன் இருவரின் பதிப்பாளர் நியூபி அதைப் பயன்படுத்திக்கொண்டு, ஆனின் புது நாவலை 'ஜேன் அயர்' ஆசிரியருடையது என்று அமெரிக்காவுக்கு விற்கப் பார்த்தார். சார்லட்டின் பதிப்பாளர் ஸ்மித், எல்டர் நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 1848 ஜூலையில் அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே சார்லட்டும் ஆனும் கீத்லி வரை நடந்துபோய், லீட்ஸில் இரவு ரயிலேறி, காலையில் லண்டனில் இறங்கினார்கள். கார்ன்ஹில்லில் இருந்த அலுவலகத்தில் ஜார்ஜ் ஸ்மித்தின் கையில் சார்லட் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். கரர் பெல்லுக்கு எழுதிய கடிதம் இந்தச் சின்ன உருவப் பெண்ணிடம் எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு குடும்பப் பெயருக்குப் பின்னால் மூன்று பேர் இருப்பதை நிரூபிக்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

'வுதரிங் ஹைட்ஸ்' அண்ணன் பிரான்வெல் எழுதியது என்கிறார்களே?

இல்லை. அவர் இறந்து பல வருடங்கள் கழித்து நண்பர்கள் சிலர் நினைவிலிருந்து சொன்ன கதை அது. சகோதரிகள் ஒரு வரிகூட அச்சிட்டது அவருக்குக் கடைசிவரை தெரியாது என்று சார்லட் 1848-இலேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

நாவலைப் படிக்க நேரமில்லை, எந்தப் படம் பார்க்கலாம்?

சினிமா என் துறை இல்லை, அது தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: 1939-இல் வந்த 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் இரண்டாம் தலைமுறையின் கதையே கிடையாது. பாதிப் புத்தகம் போய்விட்டது.

என்னிடமுள்ள 'வைல்ட்ஃபெல் ஹால்' நாவலில் கடிதம் எதுவும் இல்லை. நீங்கள் அதைக் கடித வடிவ நாவல் என்கிறீர்கள்?

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. உங்கள் பிரதி, "1827-இன் இலையுதிர் காலத்துக்கு என்னோடு வா" என்கிற பொருளில் நேராகத் தொடங்குகிறதா? அப்படியானால் அது வெட்டப்பட்ட பதிப்பு. முழு நாவல், கில்பர்ட் மார்க்கம் தன் தங்கையின் கணவர் ஹால்ஃபோர்டுக்கு எழுதும் கடிதத்தில் தொடங்குகிறது. 1854-இல் மலிவுப் பதிப்பு போட்டவர்கள் அந்தக் கடிதத்தையும் உள்ளே வேறு பகுதிகளையும் எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த பலரும் அந்தச் சிதைந்த பிரதியைப் பார்த்தே அச்சடித்தார்கள். வாங்குமுன் முதல் பக்கத்தைத் திறந்து ஹால்ஃபோர்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் போனால், இத்தனையையும் யார் யாருக்குச் சொல்கிறார் என்பதே போய்விடும்.

இந்த நாவலில் குடும்பப் பெயரே கதையாகிறது. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் ஹெலன், தன் தாயின் பிறந்தவீட்டுப் பெயரான 'கிரஹாம்' என்பதை வைத்துக்கொண்டு ஒளிந்து வாழ்கிறார். படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறார். இருக்கும் இடம் தெரியக்கூடாதென்று, வைல்ட்ஃபெல் ஹாலை வரைந்துவிட்டுக் கீழே வேறு ஊர்ப் பெயரை எழுதுகிறார். மனைவி சம்பாதிக்கும் பணம் கணவனுக்கே என்று சட்டம் இருந்த காலம் அது. 'பெல்' என்ற பெயருக்குப் பின்னால் இருந்தபடி ஆன் இதை எழுதினார் என்று நினைத்தால் அந்தப் பக்கத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை.

சார்லட்டே அந்த நாவலை மறுபதிப்பு செய்ய வேண்டாம் என்றாரே. அக்காவுக்குத் தெரியாதா?

1850-இல் தங்கைகளின் மற்ற இரு நாவல்களைத் திரும்ப வெளியிட்டபோது இதைச் சார்லட் சேர்க்கவில்லை. விஷயத்தைத் தேர்ந்ததே முழுத் தவறு என்று எழுதினார். அவர் துக்கம் எனக்குப் புரிகிறது. 1848 செப்டம்பரில் குடிக்கு அடிமையாகியிருந்த பிரான்வெல், டிசம்பரில் எமிலி, மறு மே மாதம் ஆன். எட்டு மாதத்தில் மூன்று சாவு. குடியால் ஒரு மனிதன் அழிவதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் நாவலை அந்த வீட்டில் திறக்க மனம் வந்திருக்காது. ஆனால் முடிவு தவறு.

(அதே நண்பர்) ஆன் உயிரோடு இருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார். அக்கா அவர் பேரைக் காப்பாற்றினார்.

ஆன் உயிரோடு இருந்தபோதே பதில் சொல்லிவிட்டார், நண்பரே. 1848-இல் இரண்டாம் பதிப்புக்கு அவரே முன்னுரை எழுதினார். உண்மையைச் சொல்லவே எழுதினேன், எந்த நாவலும் ஆணும் பெண்ணும் படிப்பதற்கானதே என்கிறார். பின்வாங்கும் தொனி அதில் எங்கும் இல்லை.

(மீண்டும் அவரே) அப்படியானால் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலையும் சார்லட் திருத்தினாரே, அதுவும் குற்றமா?

வேலைக்காரன் ஜோசஃபின் வட்டார வழக்கை வெளியூர்க்காரருக்குப் புரியும்படி இளக்கினார், பத்திகளைச் சேர்த்தார். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. இன்றைய நல்ல பதிப்புகள் 1847-ஆம் வருடப் பிரதிக்கே திரும்பிவிட்டன. ஆனால் எமிலியின் நாவல் வாசகர் கைக்கு வந்துகொண்டே இருந்தது. ஆனின் நாவலை முழுதாகக் காப்பாற்ற யாரும் இல்லாததால்தான் 1854-இன் வெட்டுப் பிரதி நிலைத்தது. இதற்குமேல் இந்த விவாதத்தை நீட்டவில்லை. முன்னுரையைப் படித்துவிட்டு வாருங்கள்.

'வுதரிங் ஹைட்ஸ்' உண்மையில் பிரான்வெல்தானே எழுதினார்?

மேலே சொல்லிவிட்டேன்.

'ஆக்னஸ் கிரே' எந்தச் சகோதரி எழுதியது?

ஆன். முதல் பதிலைப் பாருங்கள். முன்பெயர், முன்பெயர்!

சின்ன வயதில் குட்டிப் புத்தகங்கள் செய்தார்களாமே?

1826-இல் அப்பா பிரான்வெல்லுக்கு மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் வைத்து, அவர்களுக்கென்று நாடு, சண்டை, பத்திரிகை எல்லாம் உண்டாக்கினார்கள். சிப்பாய்களின் கைக்கு அடங்கும் அளவில் தீப்பெட்டியைவிடச் சிறிய தாள்களை வெட்டி, அச்செழுத்து மாதிரியே எழுதித் தைத்தார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் படிப்பது கடினம். சில ஹவார்த்திலேயே, அந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மூவரும் ஒரே இடத்தில் புதைக்கப்பட்டார்களா?

சார்லட்டும் எமிலியும் ஹவார்த் தேவாலயத்தில். ஆன் மட்டும் ஸ்கார்பரோவில், கடலைப் பார்த்த மேட்டில். மூன்று வருடம் கழித்து அங்கே போன சார்லட், கல்லில் ஐந்து பிழைகள் இருப்பதைக் கண்டு திருத்தச் சொன்னார். வயது மட்டும் 28 என்றே நின்றுவிட்டது. ஆன் பிறந்தது 1820 ஜனவரி 17, இறந்தது 1849 மே 28. வயது 29.