டம்ளரும் ஜன்னலும்

அன்புள்ள ஐயா,

எடின்பரோவில் படிக்கிறேன். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவில் பிரிட்டன் முழுக்கக் காசநோய் டிஸ்பென்சரிகள் இருந்தனவாம். அப்போது அதற்கு மருந்தே கிடையாதே, மீன் எண்ணெயைக் கொடுத்து ஏமாற்றினார்களா? என் கொள்ளுத்தாத்தாவுக்கும் அந்த வியாதி இருந்ததாகச் சொல்வார்கள்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெள்ளைக்காரனுக்கு வந்தால் காசநோய், கொள்ளுத்தாத்தாவுக்கு வந்தால் 'அந்த வியாதி'. படித்த பிள்ளை நீங்களே பெயரைச் சொல்லக் கூசினால் எப்படி?

மீன் எண்ணெயும் கொடுத்தார்கள்தான். அதை விடுங்கள். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943ல். ஆனால் டிஸ்பென்சரியின் வேலை புட்டியில் இல்லை, வாசற்படியில் இருந்தது. உங்கள் எடின்பரோவில் 1887ல் ராபர்ட் ஃபிலிப் என்ற டாக்டர் தொடங்கிய முறை அது. நோயாளி வந்து சளியைக் கொடுப்பார். அப்புறம் நர்ஸ் அவர் வீட்டுக்கே போவார். எத்தனை அறை, யார் யாரோடு படுக்கிறார்கள், ஜன்னல் திறக்கிறதா, சளியை எங்கே துப்புகிறார் என்று கேட்பார். வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வரவழைத்துப் பரிசோதிப்பார்கள். ஃபிலிப் அதற்கு வைத்த பெயர் 'அணிவகுப்பு'. போர்களுக்கு நடுவில் சில ஊர்களில் தனிக் கட்டில்கூட இரவல் கொடுத்தார்கள், நோயாளியோடு குழந்தை படுக்கக் கூடாது என்பதற்காக. இதையா ஏமாற்று என்கிறீர்கள்?

எழுபதுகளில் என் சித்திக்குக் காசநோய். அக்கம்பக்கத்தில் ஆஸ்துமா என்று சொல்லிவைத்தோம். அவளுக்குத் தனி டம்ளர். அடியில் ஆணியால் பெருக்கல் குறி கீறி, திண்ணை மாடத்தில் கவிழ்த்து வைத்திருப்போம். தெரியாமல் அதை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு நான் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. ராத்திரியானால் அதே சித்தியோடு ஆறு பேரும் ஒரே அறையில்தான் படுப்போம். பனி வருமென்று ஜன்னலை இறுகச் சாத்திவிடுவார் அப்பா. காற்றில் வரும் கிருமிக்கு டம்ளரில் காவல்! நர்ஸ் ஒருத்தி வந்து அந்த ஜன்னலைக் கேட்டிருந்தால் போதும். யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் ஆஸ்துமா என்றுதான் சொல்லியிருப்போம்.

ஊசியும் மாத்திரையுமாகச் சித்தி தேறிவிட்டாள். சளியில் கிருமி இல்லை என்று சீட்டே எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் கடைசிவரை அந்த டம்ளரில்தான் காபி. நாங்கள் யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை.

சரி, கொள்ளுத்தாத்தாவை எந்த அறையில் படுக்க வைத்திருந்தார்கள், கூட யார் படுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.