கல்யாணமாகி வன்னிக்குப் போகிறேன், அங்கே யாரையும் தெரியாது. எப்படிப் பழகிக்கொள்வது?

திருச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீடு இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியில் இருக்கிற முல்லைத்தீவு மாவட்டத்தில், கல்யாணம் முடிந்ததும் அங்கேயே குடித்தனம், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காதோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். நான் மதுரைக்காரி. என் கணவர் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர். அவர் குடும்பம் ஊர் திரும்பியபோது நானும் கூடவே கிளிநொச்சிக்கு வந்துவிட்டேன். உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

மொழி ஒன்றுதானே, சீக்கிரம் ஒட்டிக்கொள்வாய் என்று எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது சரி. சினேகிதம் அப்படி வராது. இங்கே வீடுகள் பெரிய பெரிய வளவுகளுக்குள், அதாவது வேலி போட்ட வீட்டு நிலங்களுக்குள், தள்ளித் தள்ளி இருக்கும். பகலில் பாதிப் பேர் வயலில், மீதிப் பேர் வேலையில். வாசலில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு ஆட்கள் பழகியதெல்லாம் காலையில் போய் இரவில் திரும்புகிற பயணங்களில்தான். ஆனால் நானாக "சுற்றிப் பார்க்கப் போகலாமா" என்று யாரையும் கூப்பிடவில்லை. அவர்கள் எப்படியும் போகவிருந்த இடத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன், அவ்வளவுதான். விருந்தாளியாகப் போனால் கதிரை போட்டு, சோடா கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். கூடப் போகிறவளிடம் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பார்கள், தேங்காய் துருவச் சொல்வார்கள். பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலைச் சொல்ல வேண்டும். பக்கத்து வளவு அக்கா, "வேனில ஒரு சீற்று இருக்கு, வாறியளே?" என்று கேட்டார். நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிற கண்ணகை அம்மன் கோயில் அது. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரித்து, பிறகு பொங்கலுக்கு வற்றாப்பளைக்குக் கொண்டு வருவார்கள். வன்னி முழுக்க அன்றைக்கு அங்கேதான் இருக்கும். நாங்கள் பானை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மம்மா. என் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்றார். மதுரை என்றேன்.

"எங்கட அம்மாளாச்சியும் அங்கயிருந்துதானே வந்தவ. மதுரைய எரிச்சுப்போட்டு, ஆறியிருக்க இடம் தேடி இஞ்ச வந்தவ. இரு பிள்ளை, இதைக் கிண்டு" என்று அகப்பையை என் கையில் தந்துவிட்டார். புகையில் கண்ணெல்லாம் எரிந்தது. அடிப்பிடிக்குது, அடியில விட்டுக் கிண்டு என்று அவர் அதட்ட அதட்ட நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை யாரும் உரிமையோடு அதட்டியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த வேனில் வந்தவர்கள்தான் இன்றைக்கும் என் ஆட்கள்.

அப்புறம் போக்குவரத்து தானாகப் பெருகியது. ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே போயா விடுமுறை, அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆவணியில் மடு மாதா தேவாலயத் திருவிழாவுக்குச் சைவக்காரரும், அதாவது இந்துக்களும், போவார்கள். ஏ9 வீதியில் போனால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் வண்டி நிற்கும், கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்காமல் யாரும் திரும்பி ஏற மாட்டார்கள். மாரியில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவு திறந்தால் ஊரே பார்க்கப் போகும். பாலைப்பழக் காலம் வந்தால் கட்டாயம் சாப்பிடுங்கள். வேப்பம்பழம் அளவுதான், மஞ்சளாக இருக்கும், அப்படி ஒரு இனிப்பு. ஆனால் அதன் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரு பை பழத்தைச் சுற்றி உட்கார்ந்து, உதடு ஒட்டியபடி பேசிச் சிரிக்கும்போது கூச்சமெல்லாம் போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 2009 போர் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். புதுக்குடியிருப்பு தாண்டி வட்டுவாகல் பாலம் வரும்போது அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டு வந்த அக்கா வாய் திறக்கவில்லை. நானும் பேசாமல் இருந்தேன். பல மாதம் கழித்து இரணைமடு அணைக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவராகவே தம்பியின் பெயரைச் சொன்னார். அன்றைக்குப் பெயர் மட்டும்தான். மீதி, அவருக்குச் சொல்லத் தோன்றியபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மே 18 அன்று, போரில் இறந்தவர்களை நினைவுகூர முள்ளிவாய்க்காலுக்குக் கூப்பிட்டால் போங்கள். கஞ்சி தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள். போன் பைக்குள் இருக்கட்டும்.

காட்டுப் பக்கம் போனால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் பாதையை விட்டு இறங்கவே கூடாது. ஒட்டுசுட்டான் வீதிகளில் பொழுதுபட்டால் யானை வரும், மோட்டார் சைக்கிளில் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். விசாவைப் புதுப்பிக்கிற தேதியைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் நீங்களும் நினைவில் வையுங்கள்.

அம்மா வீட்டு ஏக்கம் வரத்தான் செய்யும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் தொடங்கினார்கள். கடல் மோசமானால் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முல்லைத்தீவில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். புதுக்குடியிருப்பு என்றால் எங்கள் வேன் அந்த வழியால்தான் போகும், வைகாசியில் உங்களையும் ஏற்றிக்கொள்கிறோம். பானையும் பச்சரிசியும் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் சர்க்கரை மட்டும் வாங்கி வந்தால் போதும்.